மேற்குமலைப் பளியர்

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், சிவகாசி நகரத்து மாடி ஒன்றில் ஏறி நின்று மேற்கே நோக்குங்கள். கரிசல் நிலத்துக்கும் கந்தக மணத்துக்கும் அப்பால், வானத்தின் விளிம்பில் நீல நிற மலைத்தொடர் ஒன்று தெரியும். அம்மலையில் பெய்யும் மழையே அர்ச்சுனா நதியாகவும் வைப்பாறாகவும் நம் மாவட்டத்தின் ஊடே வருகிறது. ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் ஆண்டில் சிலவே எனினும், நம் கிணறுகளின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது. 1923ஆம் ஆண்டில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலையும், அதன் பின்னே வளர்ந்த பட்டாசுத் தொழிலையும், அச்சுத் தொழிலையும் பற்றி நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால், நம் கண்ணுக்குத் தெரியும் அந்த மலையில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை சொல்லத் தெரியாது. முப்பது கல் தொலைவுக்குள் வாழும் அம்மக்களைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். அவர்கள் பளியர்.

பளியர் தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களுள் ஒரு பிரிவினர். அரசினரின் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில், பழனிமலைப் பகுதி தொடங்கி வருசநாடு, திருவில்லிபுத்தூர் மலைகள் வழியாகத் தெற்கே வரை சிறுசிறு கூட்டங்களாகப் பரவி வாழ்கின்றனர். நம் விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை, அத்திகோயில், இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோயில் ஆகிய அடிவாரப் பகுதிகளில் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் பல்லாயிரம் மக்கள் தாணிப்பாறை வழியாகத்தான் செல்கின்றனர். போகும்போதும் வரும்போதும் பளியரைப் பார்த்திருப்பர். பார்த்தவர்கள் பலர், அறிந்தவர்கள் சிலர்.

அவர்கள் பேசுவது தமிழோடு நெருங்கிய உறவுடைய பேச்சு. நம்மோடு பேசும்போது நம் வட்டாரத் தமிழிலேயே பேசுவார்கள். ஆகவே மொழி அவர்களை நம்மிடமிருந்து பிரிக்கவில்லை. வாழ்க்கையைப் பற்றிய அவர்களுடைய எண்ணமே அவர்களைத் தனி இனமாக்கியிருக்கிறது. அந்த எண்ணத்தை விளக்குவதே என் நோக்கம்.

வரலாறு எழுதுவோர்க்கு ஏடு வேண்டும், கல்வெட்டு வேண்டும், நாணயம் வேண்டும். பளியர் கோட்டை கட்டியதில்லை, கல்லில் எழுதியதில்லை, போர் செய்து நாடு பிடித்ததும் இல்லை. ஆதலால் வரலாற்று நூல்களில் அவர்களுக்கு ஓர் அடிகூடக் கிடைப்பது அரிதாயிற்று. நம் பழைய இலக்கியத்தில் குறிஞ்சி நில மக்கள் தேன் அழிப்பதும் கிழங்கு அகழ்வதும் பேசப்படுகின்றன. புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையில் உழவர் ஏர் பிடிக்காமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கணக்கிடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அம்மக்களின் வழிவந்தோரே இன்றைய பளியர் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. சான்றில்லாததைச் சொல்வது வரலாறும் ஆகாது. ஆயினும், கபிலர் குறித்த அந்த வாழ்க்கை முறை நம் கண்ணெதிரே நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதில் ஐயம் இல்லை.

பளியரைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிவரலாயின. டாமென் என்னும் பாதிரியார் பழனிமலைப் பளியரைப் பற்றி 1908இல் ஐரோப்பிய மானிடவியல் இதழ் ஒன்றில் எழுதினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் பளியர்க்கு இடம் கிடைத்தது. பின்னர் 1962ஆம் ஆண்டில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் இம்மலைப் பகுதிக்கு வந்து, பளியரோடு தங்கி, அவர்தம் வாழ்வை நுணுகி ஆராய்ந்தார். பிற்காலத்தில் மீண்டும் வந்தார். பளியரின் வாழ்வில் ஓர் ஒழுங்கும் ஒரு கொள்கையும் உண்டு என்பதை உலகம் அறிந்தது பெரிதும் அவர் எழுத்துகளால்தான்.

முதலில் அவர்களுடைய பிழைப்பைப் பார்ப்போம். பழைய நாளில் பளியரின் முதன்மையான உணவு காட்டு வள்ளிக்கிழங்கு. கொடியைக் கண்டு, கிழங்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்று மதிப்பிட்டு, கூரிய கோலால் நிலத்தை அகழ்ந்து எடுப்பர். பாறையிலும் வேரிலும் சிக்கிய கிழங்கை முறியாமல் எடுப்பது எளிய வேலை அன்று. ஆணும் பெண்ணும் இதில் ஒருநிகராக ஈடுபடுவர். அடுத்தது தேன். செங்குத்தான பாறை முகட்டில் மலைத்தேனீ பெரிய அடை கட்டும். கொடிகளால் கயிறு திரித்து, அதைப் பிடித்துப் பள்ளத்தாக்கின் மேல் தொங்கியவாறே இறங்கி, புகையால் தேனீயை விலக்கி அடையை அறுப்பர். கயிறு அறுந்தால் உயிர் இல்லை. மரப்பொந்தில் கிடைக்கும் தேன், கொம்பில் கிடைக்கும் தேன், கொசுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய இடமும் பருவமும் அவர்களுக்குத் தெரியும். கடுக்காய், நெல்லிக்காய், சீயக்காய், கல்பாசி, குங்கிலியம் ஆகியவற்றைத் திரட்டி அடிவாரத்து வணிகரிடம் கொடுத்து, அரிசியும் துணியும் உப்பும் பெறுவர். நம் வீட்டுப் பிரியாணியில் மணக்கும் கல்பாசியும், நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்த சீயக்காயும் எத்தனையோ முறை பளியர் கைவழியே வந்தவை.

குடியிருப்பு எப்படி? பாறைக் குகையும் புல் வேய்ந்த சிறு குடிலுமே முன்னாளில் அவர்களுக்கு வீடு. சில குடும்பங்கள் சேர்ந்து ஓரிடத்தில் இருக்கும். கிழங்கும் தேனும் குறைந்தால், அல்லது மனம் ஒவ்வாவிட்டால், பிரிந்து வேறு குழுவோடு சேரும். கட்டளையிடும் தலைவன் அவர்களிடம் இல்லை. கூடி வேட்டையாடினால், இறைச்சியைச் சம கூறுகளாகப் பிரித்துக்கொள்வர். வழிபாட்டில் வனதேவதையும் கருப்பனும் பளிச்சியம்மனும் உண்டு. நோய் வந்தாலும் இடர் வந்தாலும், சாமி வந்து ஆடுவோர் வாயிலாகத் தெய்வத்திடம் வழி கேட்பர்.

இனி அவர்களுடைய ஒழுக்க நெறிக்கு வருவோம். கார்ட்னர் அவர்களிடம் அடிக்கடி கேட்ட ஒரு சொல் உண்டு. அது ‘தரக்குறைவு’ என்பது. ஒருவரை இன்னொருவர் தாழ்த்துவது தரக்குறைவு. கட்டளையிடுவது, ஏசுவது, அடிப்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். அவர்களிடையே இந்த மதிப்பு வயதில் மூத்தோர்க்கு மட்டும் உரியது அன்று. கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும், பெற்றோருக்குப் பிள்ளையும், பிள்ளைக்குப் பெற்றோரும் காட்ட வேண்டிய மதிப்பு அது. ஆதலால் குழந்தையை அடித்து வளர்ப்பது அவர்கள் வழக்கம் அன்று. சிறு வயதிலேயே பிள்ளைகள் தாமே தீ மூட்டவும், மரம் ஏறவும், கிழங்கு தேடவும் பழகிக்கொள்வர். யாரும் அருகில் நின்று பாடம் நடத்துவதில்லை.

இருவருக்குள் மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வார்கள்? பஞ்சாயத்து கூட்டுவதில்லை, கைகலப்பதும் இல்லை. ஒருவர் விலகிப் போய்விடுவார். கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தாலும் அப்படியே. இரண்டு குழுக்களுக்குள் வந்தாலும் அப்படியே. அயலார் கொடுமை செய்தால், குடியிருப்பையே விட்டுக் காட்டுக்குள் சென்றுவிடுவார்கள். முற்கால ஏடுகள் இதனைக் கண்டு, இவர்கள் அச்சமுள்ள மக்கள் என்று எழுதிவைத்தன. விலகுதல் அச்சத்தால் மட்டும் நேர்வதன்று. கையை ஓங்காதிருப்பது ஒரு நெறி என்று கொண்டதாலும் நேர்வது. வலிமை மிக்க அண்டையாரின் நெருக்குதலுக்கு நடுவே, சிறு தொகையினரான ஒரு மக்கள் அழியாமல் இருப்பதற்குக் கண்ட வழியும் அதுவே எனக் கார்ட்னர் கருதினார்.

இன்னொன்று, வானொலியில் பேசுகின்ற எனக்குச் சொல்லவே சற்று நாணமாக இருக்கிறது. பளியர் குறைவாகப் பேசுகிறவர்கள். 1960களில் தாம் பழகிய குழுக்களில், நாற்பது வயதை எட்டியவர்கள் ஏறத்தாழப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள் என்றும், ஓயாது பேசுகிறவரை இயல்பு கெட்டவராக மற்றவர்கள் கருதினர் என்றும் கார்ட்னர் எழுதினார். ஒரே செடிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால், எது சரி என்று அவர்கள் வழக்காடுவதில்லை. அவரவர் அறிவு அவரவர் பட்டு அறிந்தது. ‘எனக்கே தெரியும், நான் சொல்கிறேன் கேள்’ என்று நிற்பதும் ஒருவகைத் தரக்குறைவுதானே!

இதை நான் நூலில் படித்து உணர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என் கண்ணால் கண்டிருக்கிறேன், கண்டும் உணரவில்லை. அதனை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1980களின் பிற்பகுதி. மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியன். ஆசிரியப் பயிற்சியில் கற்ற முறைகளெல்லாம் நெஞ்சில் பசுமையாக இருந்த காலம். என் ஏழாம் வகுப்பில் பளியச் சிறுவன் ஒருவன் சேர்ந்திருந்தான். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்வான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்கமாட்டான். ஒருநாள் பாரியின் கதையைச் சொல்லி, பறம்பு மலையில் உழாமல் கிடைத்த நான்கு பொருள்கள் எவை என்று அவனைக் கேட்டேன். நின்றான். மீண்டும் கேட்டேன். தரையைப் பார்த்து நின்றான். என்னை மதிக்கவில்லை என்று எனக்குச் சினம் மூண்டது. அந்நாளில் எல்லா வகுப்பிலும் இருந்ததுபோல என் மேசைமேலும் பிரம்பு இருந்தது. இரண்டு அடி கொடுத்தேன். அவன் அழவில்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமையன்று அவன் குடியிருப்புக்கு நடந்து போனேன். அவர்கள் குடிசை வெறுமையாக இருந்தது. அடுப்புச் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. பக்கத்துக் குடிசையில் இருந்த முதியவரிடம், “பெரியவரே, இந்த வீட்டுக்காரர்கள் எங்கே?” என்று கேட்டேன். அவர் மலையைக் கைகாட்டினார். “எப்போது வருவார்கள்?” என்றேன். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. என்மேல் கோபம் காட்டவும் இல்லை. உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் பள்ளிக்குத் திரும்பி, பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘மந்த புத்தி; படிப்பில் நாட்டமில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். அந்தப் பிள்ளை அப்பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

கார்ட்னரின் ஆராய்ச்சி நூல் ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து அது என் கைக்குக் கிட்டியது. தரக்குறைவைப் பற்றியும் விலகிப்போதலைப் பற்றியும் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. தேனும் வள்ளிக்கிழங்கும் எதுவென்று அவனுக்கா தெரியாது? அந்த வகுப்பிலேயே அவற்றைத் தன் கையால் அகழ்ந்தும் அறுத்தும் அறிந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று தன் அறிவைக் காட்டிக்கொள்வது அவன் வளர்ந்த முறைக்கு ஒவ்வாதது. நான் அடித்தது அவன் குடும்பத்தார்க்குப் பொறுக்க முடியாத தரக்குறைவு. அதற்கு அவர்கள் அறிந்த முறையில் மறுமொழி சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் நான் எழுதிய வரி ஒரு வரலாற்றுச் சான்றுபோல இன்றும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கக்கூடும். அது பொய்ச் சான்று. மற்றவர்களைப் பற்றி நாம் எழுதிவைத்த ஏடுகளில் இத்தகைய வரிகள் எத்தனையோ!

மௌனமாக வாழும் மலைமக்களைச் சமவெளியார் பிறழ உணர்ந்தது இங்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கையில் கண்டி அரசரின் கைதியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். வேடர் என்னும் காட்டு மக்கள் இரவில் கொல்லன் பட்டறை வாயிலில் இறைச்சியையும், தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்றும், கொல்லன் செய்து வைத்ததைப் பின்னர் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றும் அதில் எழுதினார். ஒரு சொல்லும் பேசாமல் வாணிகம் நடந்தது. மலேயா நாட்டுக் காடுகளில் வாழும் செமாய் மக்களும் சண்டையை வெறுத்து ஒதுங்கும் இயல்பினர் என 1968இல் ராபர்ட் டென்டன் என்ற அறிஞர் எழுதினார். உலகின் பல மலைகளில் சிறு தொகையினரான மக்கள் இவ்வாறு விலகி நின்றே தம்மைக் காத்துக்கொண்டுள்ளனர்.

ஆனால் விலகிச் செல்ல இடம் வேண்டும் அல்லவா? பளியர் வரலாற்றின் துயரப் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. 1882ஆம் ஆண்டில் சென்னை வனச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி காப்புக்காடுகள் வகுக்கப்பட்டன. உரிய அனுமதி இல்லாமல் காட்டை அழிப்பதும், காட்டுப் பொருளை எடுப்பதும் குற்றமாயின. காட்டை அரசு உடைமையாக்கியவர்கள், அதில் கிழங்கெடுத்துப் பிழைத்தவர்களிடம் எழுத்தில் உரிமை கேட்டார்கள். எழுத்தே அறியாதவர்களிடம் ஏது பட்டா? தேனும் கடுக்காயும் சேகரிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்த குத்தகைதாரருக்குப் பளியர் கூலிகளாயினர். அளப்பவனும் அவனே, விலை வைப்பவனும் அவனே என்றிருந்தது. வாதாடத் தெரியாத மக்களுக்கு அதில் கிடைத்தது சொற்பமே.

விடுதலைக்குப் பின்னும் காட்டைக் காக்க வேண்டிய தேவை இருந்தது. இன்று அது இன்னும் மிகுதி. 1988இல் திருவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் அதனையும் மேகமலையையும் சேர்த்துத் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. நாட்டின் 51ஆவது காப்பகம் அது. புலி வாழ்ந்தால் காடு வாழும். காடு வாழ்ந்தால் வைப்பாற்றில் நீர் வரும். இதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அதே காட்டில் மனிதர்க்கும் பழைய உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதனை ஒப்புக்கொண்டது. பழங்குடியினர்க்குக் காட்டு மக்கள் என்ற முறையில் நெடுங்காலம் அநீதி இழைக்கப்பட்டதை அச்சட்டத்தின் முகவுரையே கூறுகிறது. வசிக்கவும், சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை அளிக்கிறது. அவர்களுடைய உடன்பாடின்றிக் காட்டிலிருந்து அகற்றலாகாது என்றும் விதிக்கிறது. ஆனால் அவ்வுரிமையைப் பெறுவதற்கு மனு எழுத வேண்டும்; கிராம சபையில் எழுந்து பேச வேண்டும்; மறுத்தால் மீண்டும் கேட்க வேண்டும். கேட்காமல் விலகிப்போவதே பண்பாடாகக் கொண்ட மக்களுக்கு, வாதாடினால்தான் உரிமை என்று வகுத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டை நீங்கள் சிந்திக்க வேண்டும்.

இன்று பளியர் பலர் அடிவாரக் குடியிருப்புகளில் அரசு கட்டித்தந்த வீடுகளில் வாழ்கின்றனர். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் காவலும் கூலி வேலையும் செய்கின்றனர். தேன் எடுக்கும் பருவத்தில் மலையேறுகின்றனர். கீழே வரும்போது நம்மைப் போலவே உடுத்தி, நம்மைப் போலவே பேசி, மேலே சென்றதும் தம் வழக்கத்துக்குத் திரும்பும் இரட்டை வாழ்வு அவர்களுக்குப் பழக்கமானது. அதனைக் கார்ட்னரும் வியந்து குறித்திருக்கிறார். அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். இடையில் நின்றுவிடுவோரும் உளர். காட்டுக்குள் விலகிப்போக முன்போல் இடம் இல்லாததால், பள்ளியிலிருந்து விலகும் பிள்ளை கூலி வேலைக்குத்தான் போகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். சிலர் வனத்துறையிலும் வருவாய்த்துறையிலும் பணிபுரிவீர்கள். உங்கள் முன் ஒரு பளியப் பிள்ளை வாய் திறவாமல் நிற்கலாம். ஒரு முதியவர் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அவர் பேசவில்லை என்பதனால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவரை எல்லோர் நடுவிலும் நிறுத்திக் கேளாமல், அருகில் அமர்ந்து மெல்லக் கேளுங்கள். ஒருமுறை சொல்லாவிட்டால் இன்னொரு நாள் கேளுங்கள். வகுப்பறையில் அந்தப் பிள்ளையிடம் பாரியின் மலையைப் பற்றிக் கேட்பதைவிட, அடுத்த விடுமுறையில் அவனோடு நடந்து போய், எந்தக் கொடியின் அடியில் கிழங்கு இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அவன் பேசாமலே காட்டுவான். கபிலர் எண்ணிச் சொன்ன நான்கு பொருள்களுள் இரண்டையாவது அன்று நீங்கள் நேரில் காண்பீர்கள்.

நான் எழுதிய அந்த ஒரு வரியை அழிக்க என்னால் இயலாது. இனி நீங்கள் எழுதப்போகும் பதிவேடுகளிலாவது அத்தகைய வரி இடம்பெறாதிருக்கட்டும்.